கறுவாக்காட்டு வளவும் என் கேத்திலும்

முதல் நாள், வியாழன்

எனக்குத் தோட்டம் சொல்லித்தர இனி ஒருவர் பிறந்துதான் வர வேண்டும் என்று நினைத்திருந்தவள் நான். முப்பது வருடமாகக் கோப்பாய்ச் செம்மண்ணில் கத்தரி, மிளகாய், பயற்றங்காய் என்று எதை நட்டாலும் குறை சொல்ல முடியாமல்தான் காய்த்தது. வெட்சி மட்டும் என்னை மதிக்கவில்லை. மூன்று கன்று வைத்தேன். இரண்டு செத்துவிட்டன. மிஞ்சிய ஒன்று மூன்று வருடமாக மஞ்சள் காமாலை வந்த பிள்ளை போல நிற்கிறது. மாட்டெரு வைத்தேன், கடைப் பசளை வைத்தேன், ஒருமுறை திட்டியும் பார்த்தேன்.

வெள்ளவத்தையில் இருக்கும் தங்கைதான் செய்தி சொன்னாள். கொழும்பில், கறுவாக்காட்டில் ஒரு பழைய பெரிய வீட்டில் வீட்டுத்தோட்டக்காரருக்காகப் பருவத்துக்கு ஒருமுறை பேச்சு நடக்கிறதாம். ஒக்டோபர் மழைக்கானது இந்தச் சனி, ஞாயிறு. "அக்கா, உன்னுடைய வெட்சிக்கு ஒரு வழி பிறக்கும், வா" என்றாள். வெட்சிக்காக ஏழெட்டு மணி நேரம் ரயிலில் போகிறவள் நானாகத்தான் இருப்பேன் என்று இவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

காலை ரயிலில் ஏறினேன். வவுனியா வரை காய்ந்த காடு. குருநாகல் தாண்டியதும் சாளரத்துக்கு வெளியே பச்சை நிறம் தடித்துவிடுகிறது. தென்னைக்குக் கீழே அன்னாசி, மதிலில் பாசி, பாசிக்கு மேல் பன்னம். கோட்டையில் இறங்கிக் கரையோர ரயில் பிடித்து வெள்ளவத்தை வந்து சேர்ந்தபோது தூறல்.

தங்கையின் தொடர்மாடி நாலாவது மாடி. கடற்காற்று நேராக அடிக்கும் பல்கனியில் ஒரு கறிவேப்பிலை, ஒரு ரம்பை, கொச்சிக்காய் இரண்டு சாடி. இலை ஓரமெல்லாம் உப்புக் கருகல். தேநீர் போட நானே குசினிக்குள் போனேன். கேத்தில் மூடியைத் திறந்தால் உள்ளே கண்ணாடி போல மினுக்கம்.

"புதுக் கேத்திலா?"

"எட்டு வருடமாகிறது, அக்கா."

நம்பவில்லை. என்னுடையது வாங்கி இரண்டு வருடம். உள்ளே சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும். இவள் தேய்ப்பதில் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு தேநீரைக் குடித்தேன். தேநீரும் வேறு ருசி.

இரண்டாம் நாள், வெள்ளி

தங்கை வேலைக்குப் போய்விட்டாள். பேச்சு நாளைக்குத்தானே, சும்மா இருப்பானேன் என்று கொம்பனித்தெருவுக்கு பஸ் ஏறினேன். அங்கே கியூ வீதி என்று ஒரு வீதி உண்டு. கியூ என்றால் வரிசையில் நிற்கிற கியூ இல்லை. லண்டனில் இருக்கும் கியூ தாவரவியல் தோட்டத்தின் பெயர். தாவரவியலாளர் சேர் ஜோசப் பாங்க்ஸ் சொன்ன யோசனைப்படி ஆங்கிலேயர் இலங்கையில் அமைத்த தாவரவியல் தோட்டம் 1810-இல் இந்தப் பகுதியில்தான் இருந்தது. அதை மேற்பார்க்கச் சீனாவின் கண்டனிலிருந்து 1812-இல் வந்தவர் வில்லியம் கெர். மஞ்சள் பூப் பூக்கும் கெரியா என்ற செடிக்கு அவருடைய பெயர்தான். மனிதர் 1814-இல் இறந்துவிட்டார். அதற்கு முதல் வருடமே தோட்டத்தைக் களுத்துறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிறகு 1821-இல் அலெக்சாண்டர் மூன் பொறுப்பில் இருந்த காலத்தில் அது பேராதனைக்குப் போனது.

இன்று கியூ வீதியில் செடி என்று பார்க்கத் தகர டப்பாவில் நட்ட ஒரு துளசிதான் கிடைத்தது. நான் நிற்கும்போதே மழை பிடித்தது. பத்து நிமிடத்தில் செருப்புக்கு மேல் தண்ணீர். தோட்டம் ஏன் இங்கே நிலைக்கவில்லை என்பது பற்றி எனக்கு ஓர் ஊகம் வந்தது. காலை நனைத்துக்கொண்டு வந்த ஊகம், சரித்திரமாக எடுக்க வேண்டாம்.

மழை விட்டதும் விகாரமகாதேவிப் பூங்கா. சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா நகருக்குக் கொடுத்த நிலம். விக்டோரியா பூங்கா என்று இருந்த பெயர் பிறகு மாறியது. தூங்குமூஞ்சி மரங்கள் இன்னும் இலையைக் கூப்பியபடி நின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கச்சான் வாங்கித் தின்றார்கள். அவ்வளவுதான்.

சாயந்தரம் பத்தரமுல்லைப் பக்கம் தியத்த உயன. அங்கே செடி விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அந்தூரியம், ஓர்க்கிட், ஒட்டு மாங்கன்று. ஒரு கடைக்காரர் வெட்சிக் கன்றைத் தூக்கிக் காட்டினார். இலை கரும்பச்சை, எண்ணெய் பூசியது போல. வயிற்றெரிச்சலாக இருந்தது. வாங்காமல் வந்துவிட்டேன். முதலில் பழைய கணக்கைத் தீர்க்க வேண்டும்.

மூன்றாம் நாள், சனி

வீட்டுக்காரர் விலாசமும் பெயரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே வளவு என்றே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் வளவு என்றால் வேலிக்குள் இருக்கும் நிலம். வீடும் கிணறும் ஒரு முருங்கையும் இருந்தால் போதும். சிங்களத்தில் வளவ்வ என்றால் பிரபுக்களின் மாளிகை. என் சீவியத்தில் இரண்டு அர்த்தத்துக்கும் பொருந்தும் இடத்துக்குள் இன்றுதான் கால் வைத்தேன். கபுக் கல்லில் கட்டிய தடித்த சுவர், சிவப்புச் சீமெந்துத் தரை, வண்டி நிறுத்தும் முகப்புக்கு இரு புறமும் தூண்கள். பின்புறம் அரை ஏக்கர் தோட்டம். கொழும்பு ஏழில் அரை ஏக்கர் என்றால் விலையை நினைக்கவே பயமாக இருக்கிறது.

நாற்பது பேர் இருந்திருப்போம். பேசியவர் விவசாயம் படித்த ஓர் இளம் பெண்; சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசினார். பின்வரிசையில் தமிழ் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர். எங்களுக்கு மொழிபெயர்த்தவர் அந்த வீட்டுத் தோட்டக்கார ஐயா. மஸ்கெலியாப் பக்கத்து ஆள். பதினைந்து வயதில் இங்கே வேலைக்கு வந்தாராம், இப்போது எழுபது தாண்டிவிட்டது. மொழிபெயர்ப்பு என்று பெயர். நடுநடுவே தன்னுடைய கருத்தையும் சேர்த்துவிடுவார். எது யாருடையது என்று பிரித்தெடுக்கும் பொறுப்பு எங்களுடையது.

முதல் ஒரு மணி நேரம் முழுக்கத் தண்ணீரை வெளியேற்றுவது பற்றி. நான் குறிப்புப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு விழித்தேன். என் ஊரில் தோட்டக்காரர் கூடினால் தண்ணீரை எப்படிப் பிடித்துவைப்பது என்றுதான் பேசுவோம். இங்கே வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. எங்களுக்கு அதில் பாதியளவு, அதுவும் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டிவிட்டுப் போய்விடும். எங்களுக்கு ஒரு மாரி. இவர்களுக்கு இரண்டு. மே மாதக் காற்று வருவதற்கு முன் மரக் கிளைகளைக் குறைக்க வேண்டும், அந்த மழையில் வேர் அழுகாமல் பாத்தியை உயர்த்த வேண்டும் என்று அந்தப் பிள்ளை சொல்லச் சொல்ல எனக்கு வேறொன்று ஓடியது. அந்தத் தென்மேல் காற்றுத்தானே இங்கே மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, எங்களிடம் வெறுங்கையோடு சோளகமாக வருகிறது? வாழைக் கன்றைக் கிழித்து, கிணற்றை வற்றவைத்து, கண்ணில் மண்ணை அள்ளிப் போடும் அதே காற்று. சோளகத்தின் பிறந்த வீட்டுச் சீரை இன்றுதான் பார்த்தேன்.

சாடிக்கு வந்தோம். சாடியின் அடியில் கல், ஓட்டுத் துண்டு போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று என் அம்மா சொல்லித்தந்தார், நான் தங்கைக்குச் சொல்லித்தந்தேன். அந்தப் பிள்ளை பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்ச் ஒன்றை வாளியில் நனைத்து எடுத்தார். படுக்கை வாட்டில் இரண்டு விரலால் பிடித்தார். சொட்டியது, சொட்டியது, நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பிழியாமல், அப்படியே நிமிர்த்தி நெடுக்காகப் பிடித்தார். மறுபடியும் தாரையாக ஊற்றியது! உயரம் கூடினால் ஈர்ப்பு கூடுதலாக இழுக்கிறது. எப்படிப் பிடித்தாலும் அடியில் ஒரு விரற்கடை ஈரம் தங்கத்தான் செய்யும். சாடி மண்ணும் அதேதான். அடியில் கல்லைப் போட்டால் அந்த ஈரப் பட்டை கல்லுக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் கிட்ட வந்துவிடும். ஆகவே கல் வேண்டாம், ஆழமான சாடி வேண்டும், மண்ணில் தும்பும் மணலும் கலக்க வேண்டும்.

ஐயா இதை முழுக்க மொழிபெயர்த்துவிட்டு, "நான் ஐம்பது வருடமாக ஓட்டுத் துண்டுதான் போடுகிறேன், செடி ஒன்றும் முறைப்பாடு செய்யவில்லை" என்று சேர்த்தார். பின்வரிசை சிரித்தது. அந்தப் பிள்ளைக்கு ஏன் என்று விளங்கவில்லை. ஆனால் ஸ்பொஞ்சை என் கண்ணால் பார்த்த பிறகு அம்மாவின் பக்கம் நிற்க எனக்குத் துணிவில்லை.

பிறகு டெங்கு. கொழும்பில் தோட்டம் வைத்திருப்பவருக்குப் பூச்சி, புழு எல்லாம் இரண்டாவது பயம். முதல் பயம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சாடித் தட்டில் நுளம்புக் குடம்பி கண்டால் நீதிமன்றம் வரை போகும். 2017-ஆம் வருடம் நாடு முழுக்க 186,000-க்கும் மேற்பட்டோருக்குக் காய்ச்சல் பதிவானதை இங்கே யாரும் மறக்கவில்லை. சாடித் தட்டில் இருக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போதாதாம். டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை. தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே தட்டின் சுவரில் ஒட்டிவிடுகிறது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழைக்குத் தண்ணீர் ஏறியதும் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும். தும்புத் தூரிகையால் தட்டைத் தேய்க்க வேண்டும், அல்லது தட்டே வேண்டாம். இலைக் கக்கத்தில் தண்ணீர் தேங்கும் அன்னாசிக் குடும்பத்து அலங்காரச் செடிகளை ஐயா போன வருடமே பிடுங்கிவிட்டாராம். "அழகுதான், அம்மா. ஆனால் கிழமைக்கு இரண்டு தரம் ஒவ்வோர் இலையாகக் கவிழ்க்க என் முதுகு விடவில்லை."

இடைவேளைக்கு மீன் வைத்த மாலு பணும் பிளேன்டீயும் தந்தார்கள். தெகிவளையிலிருந்து வந்த ஓர் இளம் பெண் பக்கத்தில் இருந்தார். மூன்றாவது மாடி, பல்கனியில் புதினா வளர்க்கிறார். "அன்ரி, நத்தைக்கு என்ன செய்வது?" என்று என்னைக் கேட்டார். மூன்றாவது மாடிக்கு நத்தை எப்படி ஏறுகிறது என்று நான் கேட்டேன். வாங்கிய சாடியோடு வருகிறதாம். எங்கள் ஊரிலும் மாரியில் வரும்தான். இங்கே ஆபிரிக்க நத்தை கைப்பிடி அளவு. இரவில் டோர்ச் எடுத்துப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுவதுதான் வழி. பழுத்த பப்பாசித் துண்டை ஓரமாக வைத்தால் எல்லாம் அங்கே கூடிவிடும், தேடி அலையத் தேவையில்லை என்று ஐயா சொன்னார்.

போகும் முன் தோட்டத்தின் மூலையில் ஒரு கறுவாப் புதரைக் காட்டினார். ஆளுநர் ஃபால்க் காலத்தில், 1765-க்குப் பிறகு, ஒல்லாந்தர் காட்டில் தேடி உரித்த கறுவாவைத் தோட்டமாக நடத் தொடங்கினார்கள். இந்தப் பக்கத்துக்குக் கறுவாக்காடு என்று பெயர் வந்ததும் அப்படித்தான். இந்தப் புதர் அவ்வளவு பழையதில்லை என்று ஐயாவே ஒப்புக்கொண்டார். விரல் தடிப்புத் தண்டு ஒன்றை வெட்டி, கத்தி முதுகால் மேல்தோலைச் சுரண்டினார். இடுப்பில் செருகியிருந்த பித்தளைக் கம்பியால் தண்டை மேலும் கீழுமாகத் தேய்த்தார். இரண்டு இடத்தில் வளையமாகக் கீறி, நடுவே ஒரு நேர்க்கீறல். கத்தி நுனியை உள்ளே விட்டு ஒரு தள்ளு. பட்டை சட்டை கழற்றுவது போல வந்துவிட்டது. உள்ளே இருந்த கட்டை வெள்ளையாக, ஈரமாக, மணமில்லாமல் இருந்தது. பட்டையை என் கையில் தந்தார். இதை எழுதும்போதும் விரல் மணக்கிறது.

நாலாம் நாள், ஞாயிறு

இன்று மண்.

2021-இல் இரசாயனப் பசளையைத் திடீரென்று தடை செய்ததும், அடுத்த வருடம் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு வந்து, பயிர் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்ததும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இந்த வீட்டு முன்புறப் புல்தரையைக் கொத்தி மரவள்ளி நட்டது அப்போதுதான். அயலவர்கள் வந்து எப்படி நடுவது என்று ஐயாவைக் கேட்கத் தொடங்கி, அதுவே பேச்சாக வளர்ந்திருக்கிறது. புல்தரை திரும்பி வந்துவிட்டது; ஓரமாக ஒரு வரிசை மரவள்ளியை மட்டும் வீட்டுக்காரர் பிடுங்கவிடவில்லை.

கூட்டுப்பசளை பற்றிப் பேசியதில் எனக்குப் புதிது அதிகம் இல்லை. சீமைக்கிளுவை இலை நல்லது என்றார்கள். நாங்கள் பூவரசங்குழையும் சேர்த்துத் தாட்டுவோம். மழை நாளில் குவியலை மூட வேண்டும், இல்லாவிட்டால் சத்தெல்லாம் கழுவிப் போய்விடும் என்பதை எழுதிக்கொண்டேன். தண்டைச் சுற்றி மூடாக்கு ஒட்டப் போடக்கூடாது, ஒரு சாண் விட வேண்டும், அல்லாவிட்டால் கழுத்தழுகல் வரும் என்பதையும் எழுதினேன். நாங்கள் கழுத்து வரைக்கும் மூடுவோம், வெயிலுக்குப் பயந்து.

அடுத்ததாக அந்தப் பிள்ளை சொன்னார்: கொழும்பு மண் புளிப்பு மண். இவ்வளவு மழை சுண்ணச்சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. ஆகவே நடுவதற்கு முன் டொலமைற் என்ற சுண்ணாம்புக்கல் தூள் கலக்க வேண்டும். நான் கொட்டை எழுத்தில் எழுதினேன்: டொலமைற்.

பின்னால் நின்ற ஐயா எட்டிப் பார்த்தார். "அம்மா எந்த ஊர்?"

"கோப்பாய், ஐயா."

"அப்படியானால் அந்த வரியை வெட்டுங்கள்."

எனக்குச் சற்றுக் கோபம். பேச்சைக் கேட்கக் காசு கட்டி, ரயில் ஏறி வந்து, எழுதியதை வெட்டுவதா? இடைவேளையில் கைப்பேசியைத் திறந்து வெட்சியின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டுப் படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"முதலில் மஞ்சளானது கொழுந்தா, அடி இலையா?"

யோசித்தேன். கொழுந்துதான். அடி இலை பச்சையாகவே இருந்தது.

"நரம்பு?"

படத்தைப் பெரிதாக்கினோம். இலை எலுமிச்சம்பழ நிறம். நரம்பு மட்டும் பச்சைக் கோடாக வலை பின்னியிருந்தது. மூன்று வருடம் தினமும் பார்த்த செடி, அந்த நரம்பை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை.

"வீட்டுக் கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிந்திருக்குமா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அடுத்த கணம் தங்கையின் குசினியில் மினுங்கிய அந்தக் கேத்தில் கண்ணுக்கு முன் வந்து நின்றது. அவளுக்கு வருவது களனி ஆற்றுத் தண்ணீர். எனக்கு வருவது சுண்ணக்கல்லுக்குள் ஊறி வரும் கிணற்றுத் தண்ணீர். கேத்திலில் படிவதுதான் மூன்று வருடமாக வெட்சியின் காலடியிலும் படிந்திருக்கிறது.

அந்தப் பிள்ளையும் வந்து படத்தைப் பார்த்தார். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, எங்கள் செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். சுண்ணாம்பு கூடிய மண்ணில் வெட்சியின் வேருக்கு அது கரைந்து கிடைப்பதில்லை என்று விளக்கினார். இரும்பு பழைய இலையிலிருந்து புதிய இலைக்கு நகராது, அதனால்தான் கொழுந்து முதலில் வெளிறுகிறது. தழைச்சத்துக் குறைவென்றால் அடி இலை முதலில் மஞ்சளாகியிருக்கும். நான் மாட்டெருவை அள்ளி அள்ளி வைத்தது தாகத்துக்குச் சோறு கொடுத்த கதை. கத்தரியும் மிளகாயும் சுண்ணாம்பைப் பொறுத்துக்கொள்ளும். வெட்சிக்கு அந்தப் பொறுமை இல்லை. தேயிலையும் அந்தூரியமும் அதே சாதிக் கோபக்காரர்கள்.

வழி? பெரிய சாடியில் மாற்றி, இலைமக்கும் தும்பும் கூடுதலாகக் கலந்து வைக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரை நிறுத்திவிட்டு மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு இரும்புச்சத்துக் கரைசலை இலையில் தெளிக்கலாம், ஆனால் அது காய்ச்சலுக்குப் பனடோல் போட்ட மாதிரி என்றார். டொலமைற் போட்டிருந்தால் என்று கேட்டேன். ஐயா பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

வரியை வெட்டினேன்.

பின்னேரம் பதியம் வைக்கக் காட்டினார்கள். ஈழத்தலரிக்குப் பதியமே தேவையில்லை, ஒடித்த கிளையை ஒரு கிழமை நிழலில் பால் வற்றவிட்டு ஊன்றினால் போதும். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்க என்ற தன் தோட்டத்தில் ஈழத்தலரிக் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டுத்தான் அந்த வளைந்த வடிவத்தைக் கொண்டுவந்தார் என்ற கதையை வீட்டுக்காரர் சொன்னார். 1948-இல் பழைய றப்பர்த் தோட்டத்தை வாங்கியவர், பல பத்து வருடம் கிளைக்குக் கிளை பார்த்திருக்கிறார். நான் மூன்று வருடமாக ஒரு நரம்பைப் பார்க்கவில்லை.

இரவு தங்கையிடம் கேத்தில் கதையைச் சொன்னேன். "அப்போது நான் தேய்ப்பதில் கெட்டிக்காரி இல்லையா?" என்றாள். இல்லை.

ஐந்தாம் நாள், திங்கள்

ரயிலில் எழுதுகிறேன். மடியில் ஒரு பொலித்தீன் பை, உள்ளே ஐயா தந்த ரம்பைக் கன்றும் ஈரச் சாக்கில் சுற்றிய ஈழத்தலரித் தடியும். குடையை வளவில் மறந்துவிட்டேன். மாகோவில் ஒருவர் ஏறி, பையைப் பார்த்துவிட்டுச் சாப்பாடா என்று கேட்டார்.

இரவு, வீட்டிலிருந்து. முற்றம் இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. வடக்கே மின்னல் மட்டும் வெட்டுகிறது. வந்த களைப்போடு கேத்திலுக்குள் கரண்டி விட்டுச் சுரண்டினேன். வெள்ளைச் செதிள் ஒன்று உரிந்து வந்தது, முட்டைக்கோதுத் தடிப்பு. அதை இவர் கையில் வைத்து முழுக் கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

பிறகு பரணிலிருந்து பெரிய கிடாரத்தை இறக்கச் சொல்லி, இருவருமாக உருட்டிக் கொண்டுபோய்ப் கூரைப் பீலிக்குக் கீழே வைத்தோம். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, கிடாரம் எல்லாம் வெளியே வந்திருக்கிறது? யாருக்குக் கலியாணம்?"